விபத்தில்லாத ஆண்டு

1

இரண்டு மாதத்துக்கு முன்பு எனக்கு ஒரு நட்சத்திரம் கொடுத்தார்கள். கண்ணாடியில் செய்தது, உள்ளங்கை அளவு. அடியில் என் பெயரைப் பொறித்திருந்தார்கள், தப்பாகத்தான். கனடாவுக்கு வந்து எட்டு வருடமாகிறது. என் பெயர் இங்கே ஒருமுறைகூட முழுசாக வந்து சேர்ந்ததில்லை. அது பழகிவிட்டது.

எதற்கு நட்சத்திரம் என்று ஊரில் இருப்பவர்களுக்கு விளக்கியாக வேண்டும். நான் ஓர் அரசாங்க அலுவலகத்தில் எழுத்தர். வேலையில் அடிபட்டவர்கள் எங்களுக்கு விண்ணப்பம் போடுவார்கள். அடி வேலையில் பட்டதா, வேலைக்கு வெளியே பட்டதா என்று முதலில் பிரிப்பது என் பொறுப்பு. வேலையில் பட்டது என்று எழுதினால் கோப்பு மேலே போகும். சிகிச்சை, உதவி எல்லாம் கிடைக்கும். வெளியே பட்டது என்று எழுதினால் ஒரு கடிதத்தோடு கோப்பு மூடப்படும். மூன்று மாதத்தில் எங்கள் தளத்திலேயே அதிகக் கோப்புகளைக் கெடுவுக்குள் முடித்தவன் நான்.

கொடுப்பதற்கு முன்னால் காலை முழுக்க ஊக்கமூட்டும் வகுப்பு. வெளியிலிருந்து ஒரு பெண் வந்திருந்தாள். சுவரில் தாளால் ஒரு மரம் ஒட்டி, எல்லோர் கையிலும் ஒரு மஞ்சள் சீட்டைக் கொடுத்தாள். 'நான் ஏன் மக்களுக்குச் சேவை செய்கிறேன்?' என்பதற்கு ஒரு வரியில் பதில் எழுதி இலையாக ஒட்ட வேண்டும். வளர்ந்த மனிதர்கள் நாற்பது பேர் வரிசையில் நின்று இலை ஒட்டினோம். நான் 'மக்களின் புன்னகைக்காக' என்று எழுதினேன். பச்சைப் பொய். விண்ணப்பம் போட்ட ஒருவரையாவது நான் நேரில் பார்த்ததில்லை, பிறகு எங்கே புன்னகையைப் பார்ப்பது? ஆனால் என் மேலாளர் லிண்டா அதைச் சத்தமாக வாசித்தாள். கைதட்டினார்கள். எனக்கும் கொஞ்சம் மனசு குளிர்ந்துதான் போனது, மறைப்பானேன்.

2

மகள் யாழினி அந்த நட்சத்திரத்தை வீட்டில் எல்லோரும் பார்க்கிற இடத்தில் வைத்தாள். ஏழு வயது. அப்பா ஏதோ ஒரு போட்டியில் ஜெயித்துவிட்டார் என்று அவளுக்குப் பெருமை. சிவகாசியில் இருக்கிற என் அக்கா பஞ்சவர்ணத்திடம் அவளே சொல்லட்டும் என்று சனிக்கிழமை காலையில் போன் போட்டுக் கொடுத்தேன். இரண்டு வார்த்தை பேசியதும் போனை என்னிடம் தள்ளிவிட்டாள்.

"அத்தை ஏன் எப்பவும் சண்டை போடற மாதிரியே பேசறாங்க?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

சண்டை இல்லை, எங்கள் ஊர்ப் பேச்சு அப்படித்தான் என்று சொல்லிப் பார்த்தேன். அவள் தொலைக்காட்சிக்குப் போய்விட்டாள். நானே அக்காவிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"அப்படியாலே? சந்தோசம். எதுக்குக் குடுத்தாக?"

விவரமாகச் சொன்னேன். கோப்பு, கெடு, மூன்று மாதம், முதலிடம். அக்கா குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"அப்பம் மூடுனதுக்குத்தான் குடுத்திருக்கான்?"

"மூடுறதுன்னு இல்லக்கா. முடிவு சொல்றது."

"ரெண்டும் ஒண்ணுதான. ஏலே, நீ மூடுனதுல வண்டியில போகும்போது அடிபட்டவுக யாராச்சும் உண்டா?"

இல்லை என்றேன். போன் அட்டையில் நிமிடம் தீர்ந்துவிட்டது என்று சொல்லி வைத்துவிட்டேன். நிமிடமும் தீரவில்லை, நான் சொன்னதும் உண்மையில்லை. ஒருவன் இருந்தான்.

3

அக்கா ஏன் அதைக் கேட்டாள் என்பதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். நான் கனடா வருவதற்கு முந்தைய வருடம். அக்கா ஆனைக்குட்டம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்தாள். ஓர் அறைக்கு நாலு பேர்தான் உட்காரலாம் என்பது விதி. தீபாவளி சீசனில் விதிக்கு எங்கே இடம்? அறைக்கு நாலு பேர் போக, மிச்ச ஆட்கள் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து மருந்து திணிப்பார்கள். அக்கா மரத்தடி ஆள்.

சோதனைக்கு அதிகாரி வருகிற நாளில் கம்பெனிக்குக் காலையிலேயே போன் வந்துவிடும். அந்த அதிகாரியின் ஆபீஸிலிருந்தேதான் வரும். "ஐயா கிளம்பிட்டாக." அவ்வளவுதான் சேதி. உடனே வேனை வரச் சொல்லி மரத்தடி ஆட்களை ஏற்றி ஆனைக்குட்டம் அணைக்கரையில் இறக்கிவிடுவார்கள். அதிகாரி பார்த்துவிட்டுப் போனதும் திரும்பக் கூட்டி வருவார்கள். இதற்கு 'டேம் லீவு' என்று பெயர். பெண்கள் கரையில் உட்கார்ந்து தூக்குச்சட்டியைத் திறந்து சாப்பிடுவார்கள், பேன் பார்ப்பார்கள், சிரிப்பார்கள். அக்காவே அதைச் சிரித்துக்கொண்டு சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அன்றைக்கு ஆட்களை மட்டும் ஏற்றவில்லை. அறையில் சரக்கு அளவுக்கு மீறி இருந்தது. பாதி திணித்த தட்டுகளையும் வேனின் பின்பக்கம் ஏற்றச் சொன்னார் ஃபோர்மேன். வேன் கேட்டைத் தாண்டி இருநூறு அடி போயிருக்கும். ரோடு குண்டும் குழியும். தட்டு சரிந்தது, உரசியது, பிடித்துக்கொண்டது. பின்னிருக்கையில் இருந்த மூன்று பேருக்குத் தீக்காயம். அக்காவுக்கு இரண்டு கையும் கழுத்தும். பக்கத்தில் இருந்த பேச்சியம்மாள் மூன்றாம் நாள் இறந்துபோனாள்.

அதிகாரியின் ஜீப் கொஞ்ச நேரத்தில் வந்தது. ரோட்டில் கரிந்து நின்ற வேனைச் சுற்றிக்கொண்டு கேட்டுக்குள் போனது. அறைக்கு நாலு பேர். மரத்தடி சுத்தமாகக் கூட்டியிருந்தது. 'குறைபாடு ஏதும் இல்லை' என்று பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். இதை நான் வாசகரை உலுக்குவதற்காகச் சேர்த்துச் சொல்லவில்லை. அந்தப் பதிவேட்டுப் பக்கத்தை நானே பிற்பாடு பார்த்தேன்.

4

அக்காவுக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு வரி. 'வேலையின்போது ஏற்பட்ட விபத்து' என்று அந்த அதிகாரியின் ஆபீஸ் எழுதித் தர வேண்டும். அது இருந்தால் கம்பெனி கை கழுவ முடியாது. அது இல்லையென்றால் அவள் ரோட்டில் போகும்போது தீப்பிடித்த யாரோ ஒரு பெண். ஸ்டேஷனில் சாலை விபத்து என்றுதான் எழுதியிருந்தார்கள்.

முதல்முறை போனபோது கட்டுப் பிரிக்காத கைகளோடு அக்காவைப் பஸ்ஸில் கூட்டிப்போனேன். அதிகாரி எழுந்து நாற்காலி போட்டார், காபி வாங்கிவரச் சொன்னார், அக்கா குடிக்க முடியாமல் இருப்பதைப் பார்த்து என்னைக் குடிக்க வைக்கச் சொன்னார். மரியாதைக்குக் குறைவே இல்லை. அதை நினைத்தால்தான் இன்றைக்கும் எரிகிறது.

"கேட்டுக்கு வெளிய நடந்துருக்கும்மா. எங்களுக்குக் கேட்டுக்கு உள்ளதான். ரோட்டுல நடந்தா போலீஸ் பாக்கும்."

"ஐயா, வேல நேரத்துல நாங்களாவா ரோட்டுக்குப் போனோம்? யாரு வாராகன்னு எங்கள வெளிய அனுப்புனாக?"

அவர் சுவரைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அங்கே ஒரு அட்டவணை தொங்கியது. மாதத்துக்கு ஒரு கட்டம், விபத்தில்லாத மாதத்துக்குப் பச்சை வட்டம். அந்த வருடம்தான் மேலிடத்திலிருந்து புதுத் திட்டம் வந்திருந்ததாம். தன் எல்லைக்குள் வருடம் முழுக்க விபத்து நடக்காமல் பார்த்துக்கொள்கிற அதிகாரிக்குக் குடியரசு தின விழாவில் கலெக்டர் கையால் நற்சான்றிதழ். ஊழியர்களுக்குப் பொதுநல ஊக்கம் பிறக்க வேண்டும் என்பது நோக்கம். நல்லாத்தான் பிறந்தது. பேச்சியம்மாள் செத்த மாதத்திலும் பச்சை வட்டம் இருந்தது.

அக்கா இரண்டு வருடம் அந்த ஆபீஸுக்கு நடந்தாள். வரி வரவேயில்லை. இன்றுவரை இல்லை.

அரசாங்கச் சம்பளம் வாங்கியவர்களில் ஒரே ஒருத்தி நடந்ததை நடந்தபடி எழுதினாள். ஆஸ்பத்திரியில் தீக்காய வார்டு சிஸ்டர். வாயைத் திறந்தால் ஏச்சுதான். நோயாளிகளையும் ஏசுவாள், எங்களையும் ஏசுவாள், டாக்டர் போனபின் டாக்டரையும் ஏசுவாள். 'வண்டித் தீ' என்று எழுதினால் போதும் என்று யாரோ வந்து சொன்னார்களாம். அவள் அக்காவிடம் கேட்டு, 'பட்டாசு மருந்து, வேலைத் தட்டு' என்று எழுதி வைத்தாள். நான் நன்றி சொல்லப் போனேன். ஏன் எழுதினீர்கள் என்றும் அசட்டுத்தனமாகக் கேட்டேன்.

"போய்யா அங்கிட்டு. பட்டதப் பட்டபடி எழுதாம பின்ன? அடுத்த டூட்டிக்கு வாரவ என்னன்னு பாத்து மருந்து போடுவா?"

அவளுக்கு யாரும் ஊக்கமூட்டியதாகத் தெரியவில்லை. வார்டில் மின்விசிறிகூட ஓடவில்லை. அந்தத் தாளின் நகலை எடுத்துக்கொண்டு அதிகாரியிடம் போனோம். ஆஸ்பத்திரித் தாள் வேறு, எங்கள் தாள் வேறு என்று பணிவாகத் திருப்பிக் கொடுத்தார்.

5

இதையும் எழுதிவிட வேண்டும். எழுதாமல் மற்றவர்களை மட்டும் திட்டினால் நான் பெரிய யோக்கியன் போலாகிவிடும்.

அப்போது நான் சிவகாசியில் ஒரு பிரஸ்ஸில் கம்ப்யூட்டரில் எழுத்துக் கோக்கிற வேலையில் இருந்தேன். காலண்டர், டைரி, கல்யாணப் பத்திரிகை எல்லாம் வரும். ஜனவரி மாதம் குடியரசு தினச் சான்றிதழ் ஆர்டர் வந்தது. பெயர்ப் பட்டியலைத் தட்டிக்கொண்டே போகிறேன், ஐந்தாவதோ ஆறாவதோ அந்த அதிகாரியின் பெயர். 'தமது எல்லைக்குள் ஓராண்டு முழுவதும் விபத்து ஏதும் நேரா வண்ணம் அர்ப்பணிப்புடன் பொதுநலப் பணி ஆற்றியமைக்காக.'

கை நின்றுவிட்டது. பிரஸ் ஓனர் பாய் பின்னால் வந்து நின்றார். அவருக்கு என் அக்கா கதை தெரியும், அதிகாரியின் பெயர் தெரியாது.

"என்ன தம்பி, நின்னுட்டீக? கலெக்டர் கையில போறது. மார்ஜினெல்லாம் பாத்துப் போடுங்க."

போட்டேன். பார்த்துப் பார்த்துப் போட்டேன். சுற்றிலும் தங்கக் கோடு பளபளவென்று வந்தது. மாட்டேன் என்று எழுந்து போயிருக்கலாம். அந்த ஒரு தாளை மட்டுமாவது வேறு ஆளைப் போடச் சொல்லியிருக்கலாம், பாய் நல்ல மனுஷர், சம்மதித்திருப்பார். செய்யவில்லை. வீட்டுக்குப் போய் அக்காவுக்குச் சோறு ஊட்டிவிட்டேன், அவளிடம் சொல்லவும் இல்லை. என் வாழ்க்கையில் நான் செய்த கேவலமான வேலை அதுதான். அந்த வருடமே நர்ஸ் வேலைக்கு இங்கே வந்திருந்த பெண்ணைக் கட்டிக்கொண்டு விமானம் ஏறினேன். தப்பித்து வந்தேன் என்று சொல்வதுதான் சரி.

6

அக்காவிடம் நான் மறைத்த அந்த ஒருவன் பெயர் மானுவல். மெக்சிகோக்காரன். தக்காளி வளர்க்கிற கண்ணாடிக் கூடத்தில் சீசன் வேலைக்கு வந்தவன். வேலை நேரத்தில் ஒரு கூடத்திலிருந்து இன்னொரு கூடத்துக்கு ஆட்களை ஏற்றிப்போன முதலாளியின் வேன் பள்ளத்தில் சரிந்து அவன் வலது கை நசுங்கிவிட்டது. முதலாளி அனுப்பிய படிவத்தில் 'நடந்த இடம்' என்ற கட்டத்தில் 'சாலை' என்று இருந்தது. நான் 'பயணம், வேலை அல்ல' என்று எழுதினேன். விதிப்படி அவனிடம் பேச வேண்டும். கொடுத்திருந்த எண்ணைக் கூப்பிட்டபோது ஆங்கிலம் தெரியாத யாரோ எடுத்தார்கள். 'தொடர்புகொள்ள இயலவில்லை' என்று குறித்து மூடினேன். மொத்தம் நாலு நிமிடம் ஆகியிருக்கும்.

இத்தனைக்கும் எனக்கு யாரும் கெட்டது செய்யச் சொல்லவில்லை. சுவரில் பெயர்ப்பட்டியலும் கட்டங்களும் மட்டும்தான் இருந்தன. என் பெயருக்கு நேரே கோடு ஏறிக்கொண்டே போவதைத் தினமும் காலையில் பார்த்தேன். அது போதுமாயிருந்தது. அங்கே தாள், இங்கே கண்ணாடி. பொதுநலத்துக்காக ஒருவனைக் கிளப்பிவிட இரண்டு அரசாங்கங்களுக்கும் வேறு யோசனையே தோன்றவில்லை.

அக்கா கேட்ட பிறகு வந்த திங்கட்கிழமை, அந்தக் கோப்பைத் திறக்க வேண்டும் என்று லிண்டாவிடம் போய் நின்றேன். அவள் எப்போதும் போல இனிமையாகச் சிரித்தாள். என் பெயரில் அவள் வாயில் நுழைந்தது 'செல்' மட்டும்தான்.

"செல், இது தேவையா? காலாண்டு அறிக்கை போய்விட்டது. இந்த ஒன்று நம் எல்லோருடைய சராசரியையும் இழுத்துவிடும். நீ களைத்துப் போயிருக்கிறாயோ?"

எனக்குக் கோபம் வந்தால் ஆங்கிலத்தில் காலங்கள் குழம்பிவிடும். அக்கா, வேன், தீ, கை என்று எல்லாவற்றையும் இப்போது நடப்பது போலச் சொல்லிவிட்டேன். லிண்டா முகம் வெளுத்து எழுந்தாள். "ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாகிவிட்டதா? யார் பக்கத்தில் இருக்கிறார்கள்?" என்று பதறினாள். இத்தனை வருடத்தில் என் அக்காவுக்காக ஓர் அரசாங்க ஊழியர் நாற்காலியை விட்டுப் பதறி எழுந்தது அன்றைக்குத்தான். இது பழைய கதை என்று புரிந்ததும் உட்கார்ந்துகொண்டாள். மனநல ஆலோசகரின் எண் அச்சிட்ட ஒரு அட்டையை என் பக்கம் நகர்த்தினாள். மறுதிறப்புத் தாளிலும் கையெழுத்துப் போட்டாள், பேனாவை அழுத்தி.

'பயணம்' என்பதை அடித்து 'வேலை' என்று எழுதினேன். அடுத்த நாள் நட்சத்திரத்தைக் கொண்டுபோய் அவள் மேசையில் வைத்தேன். தளத்தில் பாதிப் பேர் என்னோடு பேசவில்லை. வீட்டில் யாழினியும் பேசவில்லை. "நல்லதா ஒண்ணு கிடைச்சா அதையும் கெடுத்துடுவே" என்று அவள் மொழியில் சொன்னாள். அவளுக்கு எதை எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. அவளிடம் இருக்கிற தமிழும் என்னிடம் இருக்கிற ஆங்கிலமும் அதற்குப் போதாது.

7

கோப்பு திறந்தால் ஆயிற்றா? அடிபட்டவன் முப்பது நாளுக்குள் பதில் தர வேண்டும், இல்லாவிட்டால் அது தானாகவே மூடிக்கொள்ளும். மானுவலுக்குப் போட்ட கடிதம் மூன்று வாரத்தில் 'இங்கே இல்லை' என்று திரும்பி வந்தது. அடிபட்ட சீசன் ஆளை அடுத்த விமானத்தில் ஊருக்கு ஏற்றிவிடுவார்கள், எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

சனிக்கிழமை அக்காவிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அன்றைக்கு இல்லை என்று சொன்னது பொய் என்பதையும், மானுவலையும், நான் தங்கக் கோடு போட்டுத் தந்த சான்றிதழையும். அவள் சான்றிதழைத் தாண்டி நேரே மானுவலுக்குப் போய்விட்டாள். அது ஏச்சைவிட மோசமாக இருந்தது.

"அப்பம் அந்த ஆளு எங்கன இருக்கான்?"

"தெரியலக்கா. ஊருக்குப் போயிருப்பான்."

"விசாரிச்சியா?"

"எங்க வேல கடுதாசி போடுறதோட சரிக்கா. தேடுறது எங்க வேல இல்ல."

"ஏலே, என்னையும் எவனும் தேடி வரல. நாந்தான் வெந்த கைய வச்சிக்கிட்டு அம்புட்டுப் படியும் ஏறுனேன். அவன் கடல் தாண்டி ஏறி வருவானாலே ஒன் ஆபீசு படிய? ஒனக்குச் சம்பளம் எதுக்குத் தாரான்? போயித் தேடு."

போனை வைத்துவிட்டாள். அக்கா ஒருபோதும் முதலில் வைக்கிறவள் இல்லை.

அன்றைக்கே காரை எடுத்தேன். ஒன்றரை மணி நேரம். தக்காளிக் கூடத்துக்குப் பின்னால் ஆட்கள் தங்குகிற தகரக் கொட்டகை. கழுத்தில் தொங்கிய அலுவலக அட்டையைப் பார்த்ததும் வாசலில் இருந்தவர்கள் எழுந்து உள்ளே போனார்கள். அட்டையைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு வெயிலில் நின்றேன். நெடுநேரம் கழித்து அடுப்பில் ஏதோ கிண்டிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் வெளியே வந்தார். அவருக்கும் எனக்கும் பொதுவாக இருபது ஆங்கிலச் சொற்கள் இருந்திருக்கும். "மானுவல், கை" என்று சொல்லி என் வலது கையைக் காட்டினேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். ஒரு சிகரெட் அட்டையில் எண் எழுதித் தந்தார். எழுதும்போதும் முகத்தில் ஈரமில்லை, போகும்போது திரும்பிப் பார்க்கவும் இல்லை.

திங்கட்கிழமை ஆபீஸுக்குப் போய் மொழிபெயர்ப்பாளரை வைத்துக் கூப்பிடுவதுதான் முறை. அதற்கு ஒரு படிவம் உண்டு, படிவத்துக்கு ஒரு வாரம் ஆகும். கெடுவுக்கு மிச்சமிருந்தது நாலு நாள். காரில் உட்கார்ந்து, ஊருக்குப் பேச வாங்கி வைத்திருந்த அட்டையைச் சுரண்டி எண்ணை அழுத்தினேன்.

ஒரு பெண் எடுத்தாள். மனைவியா, தாயா, அக்காவா, தெரியாது. "மானுவல்" என்றேன். பிறகு கனடா என்றேன், என் அலுவலகத்தின் பெயரைச் சொன்னேன்.

அவ்வளவுதான். அவள் தொடங்கினாள். எனக்கு ஒரு சொல்லும் தெரியாது. ஆனால் ஏச்சு என்பது தெரிந்தது. மூச்சு விடாமல் ஏசினாள். நடுவில் குரல் உடைந்தது, அழுதாள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு மறுபடி ஏசினாள். பின்னால் ஒரு ஆண் குரல் ஏதோ கேட்டது, அவனுக்கும் சேர்த்து என்னையே ஏசினாள். அந்த ஆண் மானுவலாக இருந்து போனுக்கு வந்தால் பெயரும் பிறந்த தேதியும் கேட்டு வாங்கித் திங்கட்கிழமை பதிய வேண்டும், அது வரைக்கும் லைனை விடக் கூடாது என்று மட்டும் நினைத்தேன்.

அவள் நிறுத்துவதாக இல்லை. நானும் போனை வைக்கவில்லை.